ஆறாவது அறை

பிற்பகல் இரண்டு பத்துக்கு முல்தானில் மின்சாரம் போனது. மகள் மெஹ்விஷுக்கு இளைப்பு. ஷஃப்கத், தான் பிரித்துச் சேர்த்த பழைய பேட்டரியில் நெபுலைசரை மாட்டினான். அதன் ஆறு அறைகளில் ஐந்தில்தான் தகடுகளைக் கழுவி அமிலம் ஊற்றியிருந்தான். ஆறாவதின் தகடுகள் பொடிந்துவிட்டதால் அதைக் காலியாக விட்டு, கம்பியால் தாண்டி இணைத்திருந்தான். பத்து வோல்ட்தான் வர வேண்டும். மீட்டர் பன்னிரண்டரை காட்டியது.

"காயலான்காரனே வேணாம்னான். ஓடுதே," என்றாள் மனைவி ஸக்கியா.

"உன் வாய்க்குப் பயந்துதான் ஓடுது."

இளைப்பு தணிந்து மகள் தூங்கினாள். ஸக்கியா பேட்டரியின் காலி அறையின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. கட்டிலில் மகளின் உடம்பு இதமான சூட்டோடு இருந்தது. நெஞ்சு மட்டும் அசையவில்லை.

நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. ஷஃப்கத் பேட்டரிக் கம்பியைக் கழற்றப் போனான். ஸக்கியா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கழட்டிட்டா அவ மூச்சு விடுவாளாங்க?"