பாவிக்காத சாமான்

அஸர் தொழுகை நேரத்துச் சாய்வெயில் முற்றத்து மணலில் சரிந்து கிடக்கிறது. வாசல் படலையில் பழைய இரும்பு வியாபாரியின் ஓட்டோ நிற்கிறது. சிபானா வீட்டுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து போடுகிறாள்: மௌத்தாகி மண்ணுக்குள் போன வாப்பாவின் மண்வெட்டி, சோறாக்கி அடி கறுத்த கிடாரம், அவளுடைய கலியாணத்தன்று ஐந்தைந்து பேராகச் சுற்றியிருந்து சோறுண்ட பெரிய சஹன் தட்டுகள். சஹன்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நெடுநேரம் அதிர்கின்றன. “ஒரு வருசம் பாவிக்காத சாமான் வீட்டுல இரிக்கப்படா உம்மா. யூடியூப்ல சொல்றாங்க. வித்தா கரண்ட் பில்லாவது கட்டலாம்.” வீட்டைச் சீதனமாக மகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து சுலைகா உம்மாவின் படுக்கை பின்குசினி அடுப்படியில். அங்கிருந்து கொண்டுவந்த இரும்புக் கதிரையில், அந்த வீட்டைப் பார்த்தபடி அவள் குந்தியிருக்கிறாள். தராசுக் கொழுக்கியில் கிடாரம் மெல்லச் சுழல்கிறது. அதன் கரி வியாபாரியின் இடுப்புச் சாரனில் கோடிழுக்கிறது. எல்லாவற்றையும் ஏற்றி முடித்தவன் கதிரையைக் கண்ணால் அளக்கிறான். “இதும் இரும்புதானே ராத்தா, போடுறதா?” சிபானா கதிரையின் துருப்பிடித்த கால்களைப் பார்த்து யோசிக்கிறாள். அவள் வாய் திறக்குமுன் உம்மா எழும்பி, முந்தானையால் கதிரையைத் துடைத்து அவனிடம் நீட்டுகிறாள்.