அல்பேட் வாங்கிய இடம்

“அக்கா, இந்த ஆள் சாகேல்ல.”

கல்லறைகள் நிறைந்த அந்தச் சேமக்காலையின் அலுவலகத்தில் இருந்த கௌசி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். றெபேக்கா கொடுத்த துண்டில் அவளுடைய அப்பப்பாவின் பெயரும் பிறந்த நாளும் இருந்தன: அல்பேட், 19.3.1948.

“எண்பத்தேழில பார்க்டேலில செத்தவர். ஹார்ட் அட்டாக்.”

“செத்த ஆக்களின்ர லிஸ்டில இல்ல. ஆனா அதே பேர், அதே பிறந்த நாள், போன வருஷம் இஞ்ச தனக்கெண்டு ஒரு இடம் வாங்கியிருக்கிறார். செக்‌ஷன் ஒன்பது. சைனும் வச்சிருக்கிறார்.”

ஆஸ்பத்திரியில் கிடக்கும் றெபேக்காவின் அப்பா கிளிபோட் இன்னும் ஒரு கிழமைதான் உயிரோடு இருப்பார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “ஐயாவுக்குப் பக்கத்தில என்னை அடக்கம் பண்ணு.”

அப்பாவின் ஐயாவான அப்பப்பா சாகவில்லை என்றால், மன்னாருக்கு வந்த சாவுக் கடிதம் பொய். அதை எழுதியவர் சீமோன். அகதியாக இந்த நகரத்துக்கு வந்த அப்பப்பாவோடு பார்க்டேலில் ஒரே அறையில் இருந்தவர். கலியாணம் கட்டாதவர். எந்தச் சேமக்காலை என்று எப்போது கேட்டாலும் மறந்துபோச்சு என்பார். ஒவ்வொரு சேமக்காலையாகத் தேடிவந்த அவள் இன்று இந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் தானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டார். வந்ததும் இறங்க மறுத்தார்.

காரின் கதவு உள்ளே பூட்டியிருந்தது. றெபேக்கா கண்ணாடியில் தட்டினாள். அவர் போனில் பேசிக்கொண்டே திறந்தார்.

“மார்ச் நைன்ரீன்த், ஃபோட்டி எய்ட்... தாங்யூ.” போனை வைத்தார். “மருந்துக்கடைக்காரி. ஒவ்வொரு முறையும் பிறந்த நாள் கேக்கிறாள். ஒரு நாளும் கேக் தாறேல்ல.”

றெபேக்கா சிரிக்கவில்லை.

“அங்கிள், அப்பப்பா உயிரோடையோ?”

சீமோன் அவளைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மெல்ல இறங்கினார்.

“செக்‌ஷன் ஒன்பதாம்,” என்றாள்.

அவர் முன்னால் நடந்தார். வழி கேட்கவில்லை.

அல்பேட் வாங்கிய இடத்தில் வெறும் பனி. அதற்குப் பக்கத்தில் நிலத்தோடு பதித்த சிறிய கல் ஒன்று. றெபேக்கா குனிந்து கையுறையால் பனியைத் துடைத்தாள்.

சீமோன். 1950 - 1987.

அவள் கல்லைப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவருடைய மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

“ரெண்டு பேரின்ர அகதிக் கேசும் ஒண்டாத்தான் போனது,” என்றார். “அவனுக்குப் பாஸ். எனக்கு ரிஜெக்ட். திருப்பி அனுப்பப் போறம் எண்டு எனக்குக் கடிதம் வந்த அண்டைக்குத்தான் அவன் செத்தவன்.”

காற்று அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். பேர்சைத் திறந்து, தன்னுடைய லைசென்சை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

“இந்தாடா அல்பேட், உன்ர பேர்.”