மதிய நடை

“ஓசின்னா போதும்டா சாமி! அடுப்பை அணைச்சுப் போட்டுட்டு பஸ்ஸுல ஏறி உக்காந்துருவாளுக!”

முன் சீட்டிலிருந்து தவசி சத்தம் போட்டார். கண்டக்டர் விஜயபாண்டிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவன் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார்.

பின் சீட்டில் இருந்த பெண்கள் கண்டுகொள்ளவில்லை. மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“காது இருக்கா பாரு ஒருத்திக்காச்சும்! ஏலே கண்டக்டரு, என் ஒத்த டிக்கெட்டுலதான் இந்த வண்டிக்கு டீசலே ஊத்துறீக. தெரியும்ல?”

“ஆமா பெரியப்பா, நீங்க வராட்டி நாங்க எறங்கித் தள்ளிக்கிட்டுல்ல போகணும்!” என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தியான நதியா. பஸ்ஸே சிரித்தது. தவசி முறைத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார்.

தேவாரத்துக்கு வெளியே, கரட்டு மேட்டின் அடியில் இருக்கிறது தவசியும் அந்தப் பெண்களும் வசிக்கும் குடியிருப்பு. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை எழுப்பிக் கொண்டுவந்து, அரசாங்கம் அங்கே மாடி வீடு கொடுத்திருந்தது. வீடு நல்ல வீடுதான், மழைக்கு ஒழுகாது. ஆனால் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால் மெயின் ரோட்டுக்கு வெயிலில் நடக்க வேண்டும். மறியல் செய்துதான் டவுன் பஸ்ஸை உள்ளே வரவைத்தார்கள். காலையிலும் சாயங்காலமும் படியில் தொங்கும் கூட்டம். மதியம் ஒருமுறை வந்துபோகும் நடைதான் ஆளில்லாமல் காற்றாடியது.

“அந்த மதிய நடைக்கு ஆள் தேறுதான்னு பாத்துச் சொல்லுப்பா. சும்மா ஓடுதுன்னா நிப்பாட்டிருவோம்” என்று சொல்லித்தான் டெப்போ மேனேஜர் விஜயபாண்டியை இந்த ரூட்டில் போட்டார். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சொல்ல அவனிடம் விஷயம் இருந்தது. காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிற ஒரே ஆள் தவசி. அவரும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருவார். மற்றதெல்லாம் பெண்களுக்குக் கொடுக்கிற ஜீரோ டிக்கெட். அதிலும் ஒரு கூத்து. முகம் தினமும் மாறும், பழக்கம் மட்டும் மாறாது. உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை போவார்கள். இறங்க மாட்டார்கள். அதே பஸ்ஸில் திரும்பி வீடு வந்து சேர்வார்கள்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் தவசி இறங்கினார். இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

“பாத்து எறங்குங்கண்ணே” என்றாள் பின் சீட்டிலிருந்து ஜக்கம்மா.

“உன் சோலியப் பாரு!”

பஸ் ஸ்டாண்டு வந்தது. வழக்கம்போல யாரும் அசையவில்லை. விஜயபாண்டி நேரே பின் சீட்டுக்கு வந்தான்.

“எறங்கலையா?”

“இல்ல தம்பி.”

“பெறகு எதுக்கு ஏறுனீக? மொச்சை உரிக்கவா கவர்மெண்டு பஸ் விடுது?”

“வீட்டுல உரிச்சா புழுங்குது தம்பி. இங்கன காத்து நல்லா வருது” என்றாள் ஜக்கம்மா. மறுபடியும் சிரிப்பு.

“சிரிங்க, நல்லா சிரிங்க. இப்ப மேனேஜரு போன் பண்ணுவாரு. பொம்பளைக ஊர் சுத்தத்தான் இந்த வண்டி ஓடுதுன்னு சொல்லிருவேன். நாளையில இருந்து மதிய நடை கிடையாது.”

சிரிப்பு பட்டென்று நின்றது. ஜக்கம்மா முறத்தை இறக்கி வைத்தாள்.

“அப்படிச் சொல்லிப்புடாதீக தம்பி. எங்களுக்கு இந்த பஸ்ஸே வேணாம். எங்க சோலியெல்லாம் காலைப் பஸ்ஸுலயே முடிஞ்சிரும்.”

“அப்ப யாருக்கு வேணும்?”

“இப்ப எறங்கிப் போனாகளே, அவுகளுக்கு. தவசியண்ணனுக்குக் கிட்னி போச்சு. மத்தியானத்துலதான் டயாலிசிஸுக்கு மெஷின் கெடைக்குது. இந்த வண்டி நின்னுருச்சுன்னா மெயின் ரோட்டுக்கு நடக்கணும். அந்த ஒடம்பு தாங்குமா?”

“அதுக்கு நீங்க ஏன் ஏறணும்?”

“ஒத்த ஆளுக்குன்னு வண்டி விடுவீகளா? அதான் ஆள் மாத்தி ஆள் வந்து உக்காந்துக்கிறோம். டிக்கெட்டு விழுந்தா ஆள் இருக்குன்னு ஆகும்ல.”

“ஆட்டோ பிடிச்சு அனுப்ப வேண்டியதுதான?”

“அடுத்தவுக காசுல ஏறவா நான்னு கம்பைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாக. இதுவும் அவுக காதுக்குப் போச்சுன்னா அம்புட்டுத்தான், ஆஸ்பத்திரிக்கே போகமாட்டாக.”

“இருந்தாலும் இது ஏமாத்துல்ல?”

“எதுண்ணே ஏமாத்து?” நதியா எழுந்தே விட்டாள். “பொம்பளைக ஓசியில போகலாம்னு சொன்னாக, போறோம். எறங்கியே ஆகணும்னு யாராச்சும் சொன்னாகளா?”

போன் அடித்தது. மேனேஜர்தான். மொச்சை உரித்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

“சார்... ஆமா சார், பாத்துட்டேன். ஆள் இருக்கு சார். அவசியமான நடைதான், ஓடட்டும்.”

போனைப் பையில் போட்டான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

“ஏக்கா, நாலு பேரு முன்னாடி உங்களை அந்தப் பேச்சுப் பேசுறாரே. அவருக்கா இம்புட்டும்?”

ஜக்கம்மா முறத்தை எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வாய்க்கால் கரையில இருந்தப்ப, நாங்க குத்தகைக்குப் பாத்த வயலுகளுக்கு முறை வச்சுத் தண்ணி திறந்து விட்டது அவுகதான் தம்பி. அப்பயும் இப்படித்தான் ஏசுவாக. ஏசிக்கிட்டேதான் கடைசி வயலு நனையுற வரைக்கும் மம்பட்டியோட நிப்பாக. இப்ப எங்க முறை.”