அமலதாஸ் பாதரின் சைலன்சர்

“அந்த ஓட்டை சைலன்சரைக் கழட்டி வீசிட்டுப் புதுசு போடுங்க நானா. செத்த மனுசனைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அமலதாஸ் பாதர் இத்தனை வருசமா எங்க காதைப் புண்ணாக்கிட்டுத்தான் போனாரு.”

ஹாலிஎல கராஜில் செபஸ்தியான் நின்ற தோரணையே தனி. கோயில் கமிட்டித் தலைவர் இல்லையா? பாதர் இறந்து வருசம் ஒன்றாகிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசை. அவருடைய பழைய பைக்கைப் புதுசாக்கி, புதுப் பாதர் நிரோஷனை அதில் ஏற்றித் தேயிலைத் தோட்டத்துக்குள் வரவழைப்பது என்று திட்டம் போட்டதே செபஸ்தியான்தான்.

மெக்கானிக் மபாஸ் நானா பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பெயின்ட் அடிக்கிறேன், சீட் மாத்துறேன். சைலன்சரை மட்டும் விட்டுருவோமே அண்ணே. அதுவும் அவரு ஞாபகந்தானே?”

“உங்களுக்கென்ன, டவுன்ல இருக்கீங்க. ஒரு விசயத்துல மட்டும் அந்தச் சத்தம் என்னைக் காப்பாத்துச்சு. மேல வளைவுல டமடமன்னு கேட்டதும் சாராயப் போத்தலை ஒளிச்சிருவேன். எங்கன்னு என் பொண்டாட்டிக்கே தெரியாது. பாதர் வந்து ‘எப்படி இருக்க செபஸ்தியான்’னு கேப்பாரு. ‘ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கேங்க பாதர்’னு கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். ஒரு நாள்கூட மாட்டலை. பாவம், வெள்ளந்தி மனுசன்.”

மபாஸ் நானா ஸ்பேனரை எடுத்தார்.

இந்தத் திட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நிரோஷன் பாதர் தங்கமான பிள்ளை. ஆனால் வந்த நாளிலிருந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் ஒருவரும் அவருக்கு முகம் கொடுப்பதில்லை. அவருடைய புது பைக் பூனை மாதிரி வந்து நிற்கும். அவர் இறங்குவதற்குள் கதவுகள் சாத்திக்கொள்ளும். பூசைக்கும் ஆள் குறைந்துபோனது.

“என்னை இவங்களுக்குப் புடிக்கலை. ஆயர்கிட்ட சொல்லி வேற இடம் கேட்கப் போறேன்” என்று சொல்லியேவிட்டார்.

அவரும் போய்விட்டால் நமுனுகுல மலைமேல் கிடக்கிற இந்தச் சின்னக் கோயிலுக்கு இன்னொரு பாதர் வருவாரா? பூட்டுத்தான். செபஸ்தியானுக்கு அந்த நினைப்பிலேயே தூக்கம் போயிருந்தது.

ஞாயிறு காலை தோட்டமே அல்லோலகல்லோலப்பட்டது. எங்கே பார்த்தாலும் கொடி, தோரணம், மைக் சத்தம். மாரியம்மன் கோயில் கந்தப்பன்கூடத் தன் தப்பு மேளத்தைத் தீயில் காட்டித் தயாராக வைத்திருந்தார்.

“பைக் சத்தம் கேட்டதும் நீ அடி கந்தப்பா. தப்புச் சத்தம் கேட்டதும் எல்லாரும் பூவோட வெளிய வந்துரணும்.” வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தார் செபஸ்தியான்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

சத்தம் வரவில்லை. பைக் வந்துவிட்டது.

ராசம்மா அப்போதுதான் சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை உச்சத்தில் இருந்தது. குழாயடியில் ஒருத்தர் கையும் கிளாஸுமாக நின்றார். பாதரைக் கண்டதுதான் தாமதம், பட் பட்டென்று கதவுகள் சாத்திக்கொண்டன. கந்தப்பன் தப்பைத் தூக்கவே மறந்துபோனார்.

மாலை போட்ட பைக்கில் உட்கார்ந்திருந்த நிரோஷன் பாதரின் முகம் தொங்கிப்போனது.

“பார்த்தீங்களா அண்ணன்? அவரோட பைக்ல வந்தும் இதே கதைதான். நாளைக்கே ஆயரைப் பார்க்கிறேன்.”

பின்னால் த்ரீவீலில் வந்து இறங்கிய மபாஸ் நானா மேல் பாய்ந்தார் செபஸ்தியான். “என்ன நானா செஞ்சு வச்சிருக்கீங்க? சத்தமே வரலையே.”

“நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்.”

மபாஸ் நானா பாதர் பக்கம் திரும்பினார்.

“யார்கிட்டயும் சொல்ல வேணாம்னுதான் அமலதாஸ் பாதர் கேட்டுக்கிட்டாரு. இப்ப நான் சொல்லாட்டி நீங்க போயிருவீங்க. அந்த சைலன்சரைச் சும்மாவே மாத்தித் தாறேன்னு எத்தனையோ தரம் கெஞ்சினேன் பாதர். அவரு விடலை. ‘லயத்து வீட்டுக்கு ஒரே வாசல் நானா. திடீர்னு போய் நின்னா அழுதுக்கிட்டு இருக்கவ எங்க போவா? வெறும் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கவன் தட்டை எங்க மறைப்பான்? நான் வாறது தூரத்துலயே கேட்டுச்சுன்னா, முகத்தைக் கழுவிக்கிட்டு மரியாதையா என் முன்னால வந்து நிப்பாங்க’ன்னு சொல்லுவாரு.”

நிரோஷன் பாதர் சாத்திய கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

“பழைய சைலன்சர் இருக்கா நானா?”

“த்ரீவீல்லதான் கிடக்கு. வீச மனசு வரலை.”

பைக்கை மேல் வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். மபாஸ் நானா அங்கேயே குந்தி உட்கார்ந்து சைலன்சரை மாற்றினார். பாதர் ஓர் உதை உதைத்தார்.

டமடமடம என்று மலையே அதிர்ந்தது. கீழே கந்தப்பனின் தப்பு பிளந்து கட்டியது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கழுவிய முகங்களோடும் கை நிறையப் பூவோடும் சனம் ஓடி வந்தது. ராசம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். முதல் வீட்டிலேயே, “தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும் பாதர்” என்று வழியை மறித்துவிட்டார்கள்.

வளைவில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த செபஸ்தியானுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது.

“ஏன் நானா, என்னைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?”

மபாஸ் நானா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“இந்த வளைவுக்கு வந்ததும் பைக்கை நிப்பாட்டி, கொஞ்ச நேரம் சும்மா முறுக்கிக்கிட்டே நிப்பாராம். ஏன்னு ஒருநாள் கேட்டேன். ‘செபஸ்தியான் பாவம் நானா, கோழிக்கூடு வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வரணும்ல’ன்னாரு.”