யாரைக் காணோம்?

"ஏனுங்ணா, காணாமப் போனது நீங்களா, உங்க தம்பியா?"

யுவஸ்ரீ கேட்டதும் காந்திபுரம் போஸ்டர் கடையில் நின்றிருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள்.

குமாரசாமி சிரிக்கவில்லை. "தம்பிதாங்க அம்மணி. சென்னகேசவன். முந்தாநேத்து மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல என் கையை உட்டுப்போட்டான். நாப்பது வயசாச்சு, ஆனா கொழந்தை மாதிரிங்க. பேச வராது."

"அப்புறம் எதுக்குங்ணா உங்க போட்டோவைப் பெருசாப் போடச் சொல்றீங்க?"

"முக்காவாசி போஸ்டருக்கு என் மொகந்தான் வரணுங்க. தம்பி போட்டோவும் போன் நெம்பரும் கீழ ஓரமாப் போதும்."

டிசைன் படித்துவிட்டு வந்தவள் யுவஸ்ரீ. விடுவாளா? கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இங்க பாருங்ணா. ரோட்டுல போறவங்க மூணு செகண்டுதான் பாப்பாங்க. எது பெருசோ அதுலதான் மொதல்ல கண்ணு உழும். தேடற ஆளு பெருசா இருக்கணும், சுத்தி இடம் காலியா இருக்கணும். மஞ்சள் மேல கறுப்பு எழுத்துப் போட்டா தூரத்துல இருந்தே பளிச்சுன்னு அடிக்கும்."

"மஞ்சள் வேண்டாமுங்க. பின்னாடி வெள்ளையா உடுங்க, என்ற பச்சைச் சட்டை நல்லாத் தெரியட்டும். சொவத்துல ரொம்ப மேல ஒட்ட வேண்டாம், தாழ்வா ஒட்டச் சொல்லுங்க. அப்புறம்... நான் சிரிக்கற போட்டோ போடுங்க."

"சிரிக்கறதா!"

"நான் ஏன் சொல்றேன்னா அம்மணி..."

"புரியுதுங்ணா, நல்லாவே புரியுது."

அவர் டீ குடிக்க வெளியே போனதுதான் தாமதம், யுவஸ்ரீ தொண்டையைக் கனைத்தாள். யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிவிடுவாள் அவள்.

"என் அருமைத் தம்பியைக் காணாமல் நெஞ்சம் குமுறும் இந்த வேளையிலே..." என்று மேடைக் குரலில் ஆரம்பித்து, சட்டென்று குமாரசாமியாக மாறினாள். "பல்லு முப்பத்திரண்டும் தெரியணுமுங்க! தாழ்வா ஒட்டுங்க, அப்பத்தான் மாலை போட வாகா இருக்கும்!"

மெஷின் ஓட்டும் ஜெரோம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எலெக்சன் வருதல்ல யுவா. தம்பி தொலைஞ்சாலும் ஓட்டு தொலையக் கூடாது!"

கேட்டபடியே இருநூறு போஸ்டர் அடித்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடை வரைக்கும் சுவரெல்லாம் குமாரசாமி சிரித்தார்.

மறுநாள் மத்தியானம், இன்னும் நூறு வேண்டுமென்று வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யுவஸ்ரீ மவுஸில் கை வைக்கவும், அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார்.

"ஏனுங்க, காரமடைச் சந்தையில இருந்து பேசறனுங்க. உங்க போஸ்டருக்கு முன்னால ஒருத்தர் காலையில இருந்து உக்காந்திருக்காருங்க. எந்திரிக்கவே மாட்டீங்கறாரு. கிட்டப் போனா போஸ்டரைக் கட்டிப் புடிச்சுக்கறாரு. உங்க மொகத்தைத் தடவித் தடவிச் சிரிக்கறாருங்க."

"அவனைத் தொடாதீங்க! வெளியாளு தொட்டா ஓடிருவான். இதா, வாரேன்!"

ஜெரோம் அதற்குள் தன் பைக்கை எடுத்துவிட்டார். யுவஸ்ரீ வாசல் வரைக்கும் ஓடி வந்தாள்.

"அண்ணா, நான் என்னமோ நெனச்சு..."

"அதனால என்னங்க அம்மணி." பைக்கில் ஏறி உட்கார்ந்த குமாரசாமியின் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது. "அவனுக்குப் படிக்கத் தெரியாது. குனிஞ்ச தலை நிமிராம நடப்பான். இந்த ஒலகத்துல அவனுக்குத் தெரிஞ்சது என்ற மொகம் ஒண்ணுதான். அது தேடறவங்களுக்கு அடிச்ச போஸ்டர் இல்லீங்க, தொலைஞ்சவனுக்கு அடிச்சது."