செவலையை அவிழ்த்துவிடுதல்

விசுவமடுப் பொதுநோக்கு மண்டபத்தின் நடுவே, தவராசாவின் அயல்வீட்டு விமலேஸ்வரி பசுமாடாக நடித்து நிற்கிறாள். அவளுடைய மணிக்கட்டில் சுற்றிய சால்வையின் மறுமுனை தூணில் கட்டியிருக்கிறது. எதிரே தவராசா. சண்டையில் ஷெல் விழுந்த அன்று, நிறைசினையாக நின்ற செவலைப் பசுவை அவிழ்த்துவிடாமலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். பதினாறு வருடமாக அதைப் பற்றி மனைவியிடம்கூட வாய் திறக்காதவர். யன்னல் கம்பிகளின் நிழல் சீமெந்துத் தரையில் சாய்ந்து கிடக்கிறது. சுற்றிவரக் கதிரைகளில் ஊர்ச்சனம் இருக்கிறது. வீதியில் போகும் உழவு இயந்திரத்தின் சத்தம் மெல்லத் தேய்கிறது. “அண்டைக்குச் செய்ய ஏலாமல் போனதை இப்ப செய்து பாருங்கோ ஐயா. அவசரமில்லை,” என்கிறாள், நாடகத்தால் மனக்காயம் ஆற்ற வந்திருக்கும் பிரியந்தினி. தவராசா முடிச்சில் கைவைக்கிறார். விரல்கள் இரண்டு தரம் வழுக்குகின்றன. மூன்றாம் தரம் சால்வை அவிழ்ந்து விழுகிறது. விமலேஸ்வரி போகவில்லை, அவரையே பார்த்தபடி நிற்கிறாள். “ரெண்டு கையிலயும் பிள்ளையள் அம்மா,” என்கிறார் அவர், மாட்டிடம் சொல்லும் தாழ்ந்த குரலில். “அதுதான் உன்னட்ட வர ஏலேல்லை. நீ போ.” அவள் தலையைத் திருப்பி, மெல்ல ஆறுதலாக நடந்து, முற்றத்து வெயிலில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வருகிறது. அழவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.