கம்ப்யூட்டர் ஏன் திணறியது?

"இன்னும் அரை மணி நேரம் குடுங்க இன்ஸ்பெக்டர் சார்! வீடியோ தயாராகிட்டே இருக்கு... அந்தப் பொம்பளையை மட்டும் வெளியே விட்டுடாதீங்க!"

போனை வைத்த பிரகாசம், மானிட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாலில் மாட்டியிருக்கும் கேமராவின் பதிவு முழுக்க இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. திறந்தால்தானே பார்க்க? ஒரு ஃபைலைத் தட்டிவிட்டு, சாந்தோம் கோயிலில் முழுப் பூசை பார்த்துத் திரும்பி வந்துவிடலாம். அவ்வளவு நேரம் எடுத்தது.

"என்ன கேடு இந்தச் சனியனுக்கு? ஆமா, உன் பேர் என்ன சொன்ன தம்பி?"

"தௌசீஃப் சார்." லஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருந்த மெக்கானிக் குறுந்தாடியைச் சொறிந்தபடி சிரித்தான். "நல்லா தமாஷ் பண்றீங்க."

இதில் என்ன தமாஷ் என்று பிரகாசத்துக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை.

அவருக்குப் பின்னால் நின்ற மனைவி ஃப்ளோரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, அமுலு பதினோரு வருஷமா நம்ம வீட்டுல வேலை செய்றா. இதுவரைக்கும் ஒரு ஸ்பூன் தொலைஞ்சிருக்கா? காலையிலேர்ந்து ஸ்டேஷன் பெஞ்ச்சுல உட்கார்ந்திருக்கா, பாவம்."

"பாவமா? நாம வேளாங்கண்ணி போன அஞ்சு நாளும் செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? அவகிட்ட. வந்து பீரோவைத் திறந்தா உன் ஏழு பவுன் செயின் எங்கே? காணோம். முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் நான். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, ஃப்ளோரா!"

"அடுத்த மாசம் அவ பொண்ணுக்குக் கல்யாணம். திருட்டுக் கேஸுன்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல நிறுத்திடுவாங்க."

"அந்தக் கல்யாணத்துக்குத்தான் எடுத்திருக்கா!"

முப்பத்தஞ்சு வருஷ வாத்தியாரை எதிர்த்து யார் பேச?

தௌசீஃப் கீபோர்டைத் தள்ளி வைத்தான். "வைரஸ் ஒண்ணும் இல்ல சார். டிஸ்க்கும் நல்லாத்தான் கீது." என்றபடி மேசைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டவன், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"யப்பா! தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. சூடு தாங்காம மிஷினு தானே வேகத்தைக் கொறைச்சிக்குது சார். உள்ள ஃபேன் சுத்தல போல." பிரகாசத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "கழட்டிப் பாக்கவா?"

"இதென்ன கேள்வி? கழட்டு சீக்கிரம்!"

கரண்ட்டை நிறுத்தினான். ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இல்லை. திருகாணிகள் விரலாலேயே கழன்று வந்தன. பக்கவாட்டுத் தகட்டை உருவினான்.

மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

ஃபேனை அழுத்திக்கொண்டு, சுற்றவிடாமல் உட்கார்ந்திருந்தது ஒரு கைக்குட்டைப் பொட்டலம்.

தௌசீஃப் அதை வெளியே எடுத்தான். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பிரகாசம் பிடுங்கி முடிச்சை அவிழ்த்தார்.

உள்ளே, டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னியது செயின்!

"மாதாவே!" ஃப்ளோரா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "பார்த்தீங்களா? அமுலு எடுக்கலைங்க! வீட்டுலயே இருக்கு!"

"எடுக்கலையா? எடுத்து ஒளிச்சு வெச்சிருக்காடி! போலீஸ், கீலீஸ் எல்லாம் ஓய்ஞ்சதும் பெருக்குற சாக்குல வந்து தூக்கிட்டுப் போகலாம்னு திட்டம். எங்கே கொண்டுபோய் வெச்சிருக்கா பாரேன், கேடி!"

பிரகாசத்தின் விரல் அதற்குள் போனில் நம்பரை அழுத்திவிட்டது.

"இன்ஸ்பெக்டர் சார், வீடியோவே வேணாம். பொருளே சிக்கிடுச்சு! கம்ப்யூட்டருக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா. நீங்க கேஸை எழுதுங்க. நான் இப்பவே வந்து கையெழுத்துப் போடறேன்..."

"சார், போனை வைங்க."

தௌசீஃபின் முகம் வெளுத்திருந்தது.

"நீ உன் வேலையைப் பாருப்பா."

"போனை வைங்க சார்! அந்தம்மா மேல அநியாயமாப் பழி போடாதீங்க!"

"அதைச் சொல்ல நீ யாருய்யா?"

தௌசீஃப் ஃப்ளோராவைப் பார்த்தான். பிறகு பிரகாசத்தின் பக்கம் திரும்பினான்.

"யாருக்கும் சொல்லாதேன்னு நீங்க சொன்னதாலதான் சார் வாயை மூடிக்கினு இருந்தேன். உள்ள செயின் கீதுன்னு அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாது சார். நீங்க வேளாங்கண்ணி கிளம்பறதுக்கு முந்தின நாளு, கம்ப்யூட்டர் ஸ்லோன்னு என்னைத்தான கூப்ட்டீங்க? மேடம் கோயிலுக்குப் போயிருந்தாங்க. இதே பொட்டலத்தை, இதே எடத்துலேர்ந்து எடுத்து உங்க கையிலதான குடுத்தேன்? 'நான்தான்பா வெச்சேன், எந்தத் திருடன் இங்க வந்து தேடப்போறான்'னு சொல்லிச் சிரிச்சீங்களே சார்!"

போனில் இன்ஸ்பெக்டர் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார்.

பிரகாசம் தௌசீஃபின் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றி, மூக்கு, குறுந்தாடி என்று ஒவ்வொன்றாக, பதறிப்போய்ப் பார்த்தார்.

அவர் நினைவில், அந்த முகத்தை அவர் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.